ஒரு இறாத்தல் பாண்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கேள்வி கோத்தகிரியில்தான் என் கைக்குக் கிடைத்தது. மூன்று வார விடுப்பில் வந்திருக்கிறேன். மதியம் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது; எதிர் லயத்தின், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளின், கதவுகள்கூடத் தெரியவில்லை. அம்மாவைப் பெற்ற அம்மாயி எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு அடுப்பங்கரையில் குந்தியிருக்கிறாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன். நீ கேட்டிருந்தது இதுதான்:

"அண்ணா, ஜெர்மனிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. வார்டில் இன்னும் கொரோனாக் காலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மொழியும் சரியாக வராத நேரத்தில் நீங்கள் தனியாக எப்படிச் சமாளித்தீர்கள்? மறுபடி அப்படி ஒன்று வந்தால் மாட்டிக்கொள்ள எந்த ஊர் நல்லது, இங்கேயா, நம் ஊரிலா? இன்னொன்று. 'எந்த ஊர்' என்று கேட்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஏதோ சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கடையில் கேட்டால்தான் திணறுகிறேன்."

முதலில் சட்டம் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். ஜெர்மனியை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் உன் குடியிருப்பு அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும். கெடு முடிவதற்குள் எழுதிக் கேட்டு நீட்டிப்பு வாங்கலாம். கேட்காமல் இருந்துவிட்டு, விமானமே ஓடவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவரின் நல்ல மனத்தை நம்ப வேண்டியதுதான். ஆகவே ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் கிளம்பிய தேதியை எங்காவது குறித்து வை. நான் குறித்து வைத்தது எங்கள் வீட்டுக் காலண்டரில். ஏன் என்று சொல்கிறேன்.

நான் டோர்ட்முண்டுக்குப் போனது 2018 கடைசியில். ஒன்றரை வருடம் கழித்து மாமா மகள் கல்யாணத்துக்காக இரண்டு வார விடுப்பு வாங்கிக்கொண்டு 2020 மார்ச் 14 அன்று கோவையில் இறங்கினேன். ஜெர்மனியிலிருந்து வருகிறவர்கள் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்ற உத்தரவு அந்த வாரம்தான் வந்திருந்தது. நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்கள், படிவம் நிரப்பச் சொன்னார்கள், விட்டுவிட்டார்கள். டாக்ஸியில் மேட்டுப்பாளையம் தாண்டிக் குஞ்சப்பனை ஏறும்போது பலாக்காய் விற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு கவலையற்று இருந்தேன். 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கு. 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பன்னாட்டு விமானங்கள் நின்றன. வழக்கமான சேவை 2022 மார்ச் 27 அன்றுதான் திரும்பியது என்பதை அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. என் இரண்டு வாரம் ஐந்தரை மாதம் ஆயிற்று.

வீட்டு வாசலில் தாள் ஒட்டியது ஊரடங்குக்கு முந்தைய வாரம் முடியும்போது. சுகாதார செவிலியரும் இன்னும் இருவரும் வந்தார்கள். "உள்ளே நுழையாதே, தனிமைப்படுத்தப்பட்ட வீடு" என்று பெரிய எழுத்து. கீழே என் பெயர், எத்தனை பேர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. 14 நாள் என்று நினைத்திருந்தேன், 28 என்று எழுதியிருந்தது. பசை ஈரமாக இருந்ததால் ஒரு மூலை எழும்பி நின்றது. அந்த அம்மாள் உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்துவிட்டு, "தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி" என்றார்.

எங்கள் லயத்தை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எட்டு வாசல், ஒரே கூரை, ஒரே குழாய். இந்த வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து "நூறு" என்பார்கள். இதில் ஒரு வாசலை மட்டும் தனிமைப்படுத்துவது எப்படி? ஊர் அதற்கும் வழி கண்டுபிடித்தது. முந்தின வாரம் சாக்லேட் வாங்கிப் போன பிள்ளைகள் எங்கள் வாசல் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்தார்கள். குழாயில் எங்களுக்குக் கடைசி முறை. உன் அம்மா தினமும் காலையில் பால் சொம்பைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று, "ஜெர்மன்காரரே, பால்!" என்று குரல் கொடுப்பார். நீயும் அப்போது கல்லூரி மூடி வீட்டில்தான் இருந்தாய். எங்கள் வாசல் வழியே வராமல் தேயிலைக்குள் புகுந்து சுற்றிப் போனதை ஜன்னல் வழியே பார்த்தேன். குற்றம் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் சுற்றித்தான் போயிருப்பேன்.

ஜெர்மன்காரர் என்ற பெயர் ஒரே வாரத்தில் நிலைத்துவிட்டது. பிறந்து வளர்ந்த லயத்தில் என்னை வெளிநாட்டுக்காரன் ஆக்கிவிட்டார்களே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது அம்மாயி சொன்னாள்: "எனக்குச் சிலோன்காரி என்ற பட்டம் பழசாக ஐம்பது வருடம் பிடித்தது. உன் தாளில் முடிகிற தேதியாவது போட்டிருக்கிறது."

இந்தக் கதையெல்லாம் உன் வீட்டுப் பாட்டியும் சொல்லியிருப்பார். ஆனால் நம் தலைமுறை காதில் வாங்கவில்லை. எனக்கு அந்த 28 நாளில் வேறு வேலை இல்லாததால் கேட்டேன். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றுக் கிடந்த நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரிசி மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தார்கள். அம்மாயி எண்ணிக்கையில் வந்தது 1970இல், இலங்கை மலைநாட்டில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என இரண்டு பிள்ளைகளோடு. மலையிலிருந்து தலைமன்னாருக்கு இறங்கிய அந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி; கோச்சி என்றால் அவர்கள் பேச்சில் ரயில். ஏறுகிறவர்களும் அழுவார்கள், நடைமேடையில் நிற்கிறவர்களும் அழுவார்கள். பிறகு கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், குடும்ப அட்டை. திரும்பி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அதில்தான் கூடை மாட்டினாள்.

மண்டபம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த முகாம் அகதிகளுக்காகவோ தாயகம் திரும்பியவர்களுக்காகவோ கட்டியது அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை அடைத்து வைத்த தனிமை முகாம் அது. காலரா, பிளேக், அம்மை எதுவும் தீவுக்குள் போய்விடக் கூடாது என்று உடம்பைச் சோதித்து, அம்மை குத்தி, சில நாள் நிறுத்தி வைத்துப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். அம்மாயியின் தாய் சிறுமியாகப் போனபோது அங்கே இருந்திருக்கிறாள். "என் ஆத்தாள் போகும்போது மண்டபத்தில் கிடந்தாள். நான் வரும்போது கிடந்தேன். நீ என்னடா, சொந்த வீட்டில் மெத்தையில் படுத்துக்கொண்டு அழுகிறாய்" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே மெத்தையில்தான் படுத்திருந்தேன்.

இப்போது மொழிக்கு வருகிறேன். உன் கேள்வியில் எனக்கு உறைத்தது அந்தத் 'திணறுகிறேன்' தான்.

அம்மாயி இங்கே வந்தபோது அவளுக்குத் தமிழ் தெரியும். வேறு எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் தமிழே அவளைக் காட்டிக்கொடுத்தது. மேட்டுப்பாளையத்தில் நின்று, "ஊட்டிக்குக் கோச்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்டிருக்கிறாள். ஊட்டிக்கு ஒரு வழி, கொச்சிக்கு ஒரு வழி, முதலில் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வா என்று விரட்டியிருக்கிறார்கள். இது எங்கள் வீட்டில் வருடம் தவறாமல் சொல்லிச் சிரிக்கிற கதை. சிரிக்காத கதை ஒன்று உண்டு. கோத்தகிரி பஜாரில் ஒரு கடையில் போய், "ஒரு இறாத்தல் பாண் கொடுங்கள்" என்றாள். அவர்கள் பேச்சில் இறாத்தல் என்றால் பவுண்டு, பாண் என்றால் பிரெட். கடைக்காரர் முழித்தார். பக்கத்தில் நின்ற பையன்கள், "பாணா, அம்பா?" என்றார்கள். அதன் பிறகு அவள் போனாலே 'பாண்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ரொட்டி என்று கேட்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்கோ ரொட்டி என்றால் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து கல்லில் தட்டுவது. பாணைப் போய் ரொட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? கண்ணாடி அலமாரியைக் கையால் காட்டி, "அது" என்று வாங்கினாள். எத்தனையோ வருடம் "அது". பிறகு என் அம்மா வளர்ந்து, கடைக்குப் போகிற வேலையை எடுத்துக்கொண்டாள்.

நீ இப்போது பேக்கரியில் கையைக் காட்டி "தாஸ்", அதாவது "அது", என்று வாங்குகிறாய் அல்லவா? எனக்குத் தெரியும். நான் ஒன்றரை வருடம் அப்படித்தான் வாங்கினேன்.

ஊரடங்கில் கோத்தகிரியிலிருந்தே வேலை செய்ய அலுவலகத்தில் சம்மதித்தார்கள். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பன்னிரண்டரை. முடிய இரவு எட்டரை. லயத்துக்குள் சிக்னல் வராது, மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். இருட்டினால் காட்டெருமை வரும் என்பதால் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் போன். ஏப்ரலில் ஒரு கூட்டத்தில் மேலாளர் நீளமாகப் பேசினார். விட்டு விட்டுக் கேட்டது. 'குர்ட்ஸ்' என்றால் குட்டை, 'ஆர்பைட்' என்றால் வேலை, இரண்டும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தது. வேலை போய்விட்டது என்றே எடுத்துக்கொண்டேன். தொட்டியிலிருந்து இறங்கி வந்து அம்மாயியிடம் சொல்ல, அவள் ஒன்றும் பேசாமல் சோற்றைப் போட்டாள். மறுநாள் ஒரு சக ஊழியர் எழுதி விளக்கினார்: ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் வேலை நேரத்தை மட்டும் குறைப்பார்கள், குறைகிற கைச்சம்பளத்தில் நூற்றுக்கு 60, பிள்ளை இருந்தால் 67, வேலைவாய்ப்புத் துறையிலிருந்து வரும். ஒரு சொல் தெரியாததால் ஒரு ராத்திரி முழுக்க வேலையில்லாதவனாக இருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புரியாதபோது "புரியவில்லை" என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கையைக் காட்டுகிற பழக்கம் வீட்டிலிருந்தே வந்தது என்று பிறகுதான் யோசித்தேன்.

ஆகஸ்ட் கடைசியில், காலண்டரில் குறித்த செப்டம்பர் நடுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இரு நாடுகளும் பேசி விட்ட சிறப்பு விமானம் ஒன்றில் இடம் கிடைத்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே இ-பாஸ் வேண்டியிருந்த காலம். கூடலூர், முதுமலை வழியாகக் கக்கநல்லா சோதனைச் சாவடி தாண்டிப் பெங்களூரு. சாவடியில் என் ஜெர்மன் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த காவலர், "வெளிநாட்டுக்காரரா?" என்றார். "கோத்தகிரிக்காரன்" என்றேன். "பிறகு எங்கே போகிறீர்கள்?" என்றார். "வீட்டுக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

டோர்ட்முண்டில் தனிமைப்படுத்தியது நவம்பரில். உடன் வேலை செய்தவர் ஒருவருக்குத் தொற்று. சுகாதார அலுவலகத்திலிருந்து போன் வந்தது: 14 நாள் கதவைத் தாண்டக் கூடாது. பின்னாலேயே தபாலில் ஒரு கடிதம். அவ்வளவுதான். வாசலில் தாள் இல்லை, ஊருக்குத் தெரியாது. மானம் போகவில்லை என்று முதல் நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் பால் தீர்ந்தது. அப்போதுதான் உறைத்தது: இங்கே என் வாசலில் தாள் இல்லை, ஆகவே துவைக்கிற கல்லின்மேல் சொம்பும் இல்லை. நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்க ஒரு குரல் உண்டு; அது சுகாதார அலுவலகத்துப் பெண்மணியின் குரல். அன்றாடம் போன் செய்து காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்பார். அந்த ஐந்து நிமிடத்துக்காக முதல் நாள் இரவே வாக்கியம் தயாரித்து வைப்பேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதை நான் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன் என்றால், ஒரு நாள் அவரே, "இன்று வாக்கிய அமைப்பு மிகச் சரி" என்றார்.

நான்காம் நாள் நானே ஒரு தாள் எழுதினேன். 'நான் தனிமையில் இருக்கிறேன். யாராவது பால், உருளைக்கிழங்கு, வெங்காயம் வாங்கிக் கதவுக்கு முன்னால் வைக்க முடியுமா? பணம் உறையில் இருக்கிறது.' அகராதி பார்த்து ஒரு மணி நேரம் எழுதினேன். கையை மட்டும் வெளியே நீட்டி என் கதவின் வெளிப்பக்கம் ஒட்டினேன். ஒட்டும்போது மூலை எழும்பியது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன்.

சாயங்காலம் கதவைத் திறந்து பார்த்தால் பை இருந்தது. தாளில் பென்சில் குறிகள். மேல் மாடியில் தனியாக இருந்த எண்பது தாண்டிய அம்மையார் திருத்தியிருந்தார். மூன்று பிழை. அதில் ஒன்று கதவுக்கான சொல். ட்யூர் என்பதில் அந்த உயிரெழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளி வைக்க நான் மறந்திருந்தேன். இரண்டு புள்ளியையும் அவர் அழுத்தமாக வைத்திருந்தார். நம் எழுத்தில் புள்ளி வைத்தால் உயிர் போய்விடும். அவர்கள் எழுத்தில் புள்ளி வைத்தால் வேறு உயிர் வந்துவிடும்.

நீ எழுத்துத் தேர்வில் தப்பித்து, பேசும்போது மாட்டிக்கொள்வது இந்தப் புள்ளி எழுத்துகளில்தான் என்று உன் குரல் பதிவைக் கேட்டாலே தெரிகிறது. வழி சொல்கிறேன். உதட்டை 'ஊ' சொல்லக் குவி. குவித்த உதட்டை அசைக்காமல் உள்ளே 'ஈ' சொல். வந்துவிடும். எனக்கு இது வராமல் போனதற்கு ஒரு காரணம் முகக்கவசம். அந்த ஒலி முழுவதும் உதட்டில் இருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் ஊரில் ஒருவருக்கும் உதடு இல்லை. அந்த அம்மையார் என் 14 நாள் முடிந்த பிறகு படிக்கட்டில், நான் கீழ்ப்படியில், அவர் எட்டுப் படி மேலே, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "ட்யூர்... ட்யூர்..." என்று உதட்டைக் காட்டுவார். நான் திருப்பிச் சொல்வேன். ஜன்னல் அகலத் திறந்திருக்கும். குளிர் எலும்பைத் தொடும். காற்று மாற வேண்டுமாம், லூஃப்டன், லூஃப்டன். உனக்கும் வீட்டுக்காரர் இதைச் சொல்லியிருப்பார். பூஞ்சை பிடித்தால் உன் தலையில்தான் விழும், ஆகவே சொன்னபடி திற.

அவரும் சிறுமியாக 1946இல் கிழக்கிலிருந்து, இன்று போலந்தில் இருக்கும் ஊரிலிருந்து, ஒரு பெட்டியோடு விரட்டப்பட்டு வந்தவர். போருக்குப் பிறகு அப்படி இடம்பெயர்ந்த ஜெர்மானியர் ஒரு கோடிக்கும் மேல். பள்ளியில் இவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம். நான் இரண்டு கிழவிகளையும் ஜோடி சேர்த்துக் கதை பண்ணுகிறேன் என்று நினைக்காதே. இருவரையும் ஒரே வீட்டில் விட்டால் ஒரு நாள் தாங்காது: ஒருத்தி ஜன்னலைத் திறந்துகொண்டே போவாள், இன்னொருத்தி பின்னாலேயே சாத்திக்கொண்டு வருவாள்.

எந்த ஊரில் மாட்டிக்கொள்வது நல்லது என்று கேட்டாய். நம் ஊரில் கேட்காமலே தாள் ஒட்டினார்கள், கேட்காமலே பாலும் வந்தது. ஜெர்மனியில் யாரும் ஒட்டவில்லை, நானே ஒட்டிய பிறகு வந்தது. ஊரில் எனக்கு மொழி தேவைப்படவில்லை. ஜெர்மனியில் மொழிதான் பால். இதில் எது மேல் என்று என்னால் தராசில் வைக்க முடியவில்லை. ஆனால் நீ இருக்கப் போவது ஜெர்மனியில்தான் என்றால், பிழையோடு தாளை ஒட்டு. இலக்கணம் முடித்துவிட்டு ஒட்டலாம் என்று காத்திருந்தால் பால் வராது. உன் வார்டில் காது கேட்காத முதியவர்கள் நிறையப் பேர் என்றாய். அதைவிட நல்ல வகுப்பு கிடையாது. அவர்களுக்கு எல்லாவற்றையும் இரண்டு முறை, மெதுவாக, உரக்கச் சொல்ல வேண்டும். உனக்கும் அதுதான் வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் எந்த ஊர் என்று கேட்டால் நீலகிரி என்றே சொல். இந்தியா என்று தொடங்கினால் இந்தி, காரம், யோகா என்று போய்விடும். மலை, தேயிலை, பல்சக்கரத்தில் ஏறுகிற ரயில் என்று சொல். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம், பழைய இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை என்று சேர்த்துக்கொண்டால் வயதானவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு இது தவறியதே இல்லை.

தமிழ்க் கடைதான் சிக்கல், ஒத்துக்கொள்கிறேன். அங்கே கல்லாவில் இருப்பவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர். எந்த இடம் என்பார். இந்தியா என்றால் "ஓம், சரி" என்று ஒதுங்கிவிடுவார். பாட்டி சிலோன் என்றால் எந்த ஊர் என்பார். அட்டன் என்றால் ஒரு கணம் பேச்சு நிற்கும். அந்த ஒரு கணத்தில் நிறைய இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டத்தில் நம் ஆட்கள் நாடற்றவர்கள் ஆனபோது யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது முதல், 'தோட்டக்காட்டான்' என்ற சொல்வரை. அம்மாயிக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. கடைக்காரர்களுக்கும் அவர்கள் பங்குக்குப் போர், இழப்பு, படகு என்று ஆறாதது ஆயிரம். நான் முதல் இரண்டு வருடம் கோயம்புத்தூர் என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

2020 டிசம்பரில் மறுபடி எல்லாம் மூடினார்கள். உணவுக் கடைகள் மட்டும் திறந்திருந்தன. தமிழ்க் கடை வாசலில் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வரிசை. நான் அம்மாயியோடு வீடியோவில் பேசிக்கொண்டே நின்றேன். ஊரில் அவள் கபசுரக் குடிநீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "ஒரு பாண் போடும்" என்றார். அம்மாயி கசப்பை விழுங்குவதை நிறுத்திவிட்டாள். "யாரடா அது?" என்றாள். என் முறை வந்ததும் ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, போனைக் கடைக்காரர் பக்கம் திருப்பிவிட்டேன். கோயம்புத்தூர் பொய் அத்தோடு போனது.

அம்மாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "தம்பி, பாண் இருக்கிறதா?" என்றாள்.

கடைக்காரர் ஒரு கணம் போனைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. "இருக்கிறது அம்மா. எத்தனை இறாத்தல்?" என்றார்.

அங்கே கிலோ கணக்குத்தான். இறாத்தல் அந்தக் கடையில் எங்கும் கிடையாது. அம்மாயி சிரித்த சிரிப்பில் அவள் போன் சாய்ந்து கூரைத் தகரம்தான் தெரிந்தது. "ஒரு இறாத்தல். என் பேரனிடம் கொடுங்கள். காசை அவனிடம் வாங்கிக்கொள்ளுங்கள்." பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நான் பாணை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அதன் பிறகு அவர் என்னிடம் எந்த இடம் என்று கேட்டதில்லை. "ஆச்சி எப்படி இருக்கிறார்?" என்றுதான் கேட்பார்.

உன் அம்மா நேற்று வந்திருந்தார். நீ போனில் "யா, யா" என்கிறாயாம், தமிழ் மாறிவிட்டதாம். மாறத்தான் செய்யும் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து, எதிரே நின்று கேட்டால் சரியாக இருக்கும் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன். ஆகவே வாரம் ஒரு முறையாவது வீடியோவில் பேசு.

உனக்கு அனுப்ப ஒரு பை கொடுத்திருக்கிறார். வர்க்கி அரைக் கிலோ கொண்டுவருகிறேன்; நொறுங்கினால் என்னைக் கேட்காதே. நெய் வராது. பால், இறைச்சிப் பொருள்களை இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்தில் குப்பையில் போட்டுவிடுவார்கள். அந்தப் புட்டியை அம்மாயி எடுத்து வைத்துக்கொண்டாள். பதிலுக்கு ஒரு கிலோ தேயிலைத் தூள் கொடுத்திருக்கிறாள். பெட்டியில் இன்னும் இரண்டு கிலோவுக்கு இடம் இருக்கிறது. என்ன வேண்டும் என்று வியாழக்கிழமைக்குள் எழுது.